காலையிலிருந்து வாயில் என்ன பட்டது?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். முப்பது வருடங்களாக அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் இந்த வேலையைச் செய்து வருகிறேன். ‘ஆபரேஷனுக்குத் தயாராவது எப்படி’ என்று வாசகர் வட்டச் செயலாளர் தலைப்புக் கொடுத்திருக்கிறார். பெரிய தலைப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பக்கத்திலிருந்து அதைப் பேசுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். ஐந்து வயதுப் பையன். குடலிறக்கம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிற ஆபரேஷன். காலையில் வார்டுக்கு நானே போய் அவன் அம்மாவிடம் கேட்டேன். ‘புள்ளைக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்தீங்களா?’ ‘இல்ல டாக்டர், ராத்திரியிலிருந்து ஒண்ணுமே கொடுக்கல.’ அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில், பசிக்கிறது என்று அழுத பேரனுக்கு ஆச்சி பாலில் நனைத்து நாலைந்து பிஸ்கட் ஊட்டியிருக்கிறார். அது அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பையனைப் படுக்க வைத்து, மாஸ்க் வைத்து, அவன் கண் மூடி ஒரு நிமிடம் ஆவதற்குள் வாயில் பாலும் பிஸ்கட்டுமாகப் பொங்கி வந்தது. தலையைத் தாழ்த்தி, ஒருக்களித்துப் புரட்டி, சக்‌ஷன் வைத்து உறிஞ்சி எடுத்தோம். எடுத்தது போக மிச்சம் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. ஆபரேஷன் நடக்கவில்லை. ஐந்து நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தான், அதில் இரண்டு நாள் வென்டிலேட்டரில். பிழைத்துக்கொண்டான்.

ஆச்சி அந்த ஐந்து நாளும் ஐ.சி.யூ. வாசலை விட்டு நகரவில்லை. ‘பச்சப்புள்ள பசியில துடிக்குது, ஒரு பிஸ்கட்டுல என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன் தாயி’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. ‘வெறும் வயிறா இருக்கணும்’ என்று நாங்கள் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னோம். ஏன் என்று அம்மாவிடமும் சொல்லவில்லை. காரணம் தெரியாத கட்டளையை ஒரு பாட்டியின் மனசு எப்படி மதிக்கும்? அன்றிலிருந்து வீட்டில் எத்தனை பேர் துணைக்கு வந்திருக்கிறார்களோ அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்கிறேன், பாட்டிக்கு முதலில்.

கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். நம் ஊரில் சாப்பாடு என்றால் சோறு. இட்லி பலகாரம், காப்பி வெறும் காப்பி. ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால், காலையில் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் காப்பியும் முடித்தவர் மனசாட்சிப்படி ‘இல்லை’ என்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. அதனால் நான் இப்போது கேட்பது இப்படித்தான்: ‘காலையில எந்திரிச்சதிலிருந்து வாயில என்ன பட்டுச்சு?’ இப்படிக் கேட்டால் பதில் வருகிறது. ‘பல்லு வெளக்குனேன், ஒரு மடக்குக் காப்பி, மாத்திரை போட ஒரு வாழப்பழம்.’ எனக்கு வேண்டியது அதுதான்.

ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், நாம் விழித்திருக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலே ஏறாதபடி உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தப்பித் தவறி ஏறினாலும் இருமல் வந்து மூச்சுக்குழாயைக் காப்பாற்றும். மயக்க மருந்து கொடுத்ததும் அந்தப் பிடி தளர்ந்துவிடும், இருமலும் நின்றுவிடும். உள்ளே உணவு இருந்தால் அது நுரையீரலுக்குள் போகத் தடை எதுவுமில்லை. 1946-இல் நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் இதை ஊர் அறியச் செய்தார். 1932 முதல் 1945 வரை தம் மருத்துவமனையில் பதிவான 44,016 பேறுகளின் ஏடுகளைப் புரட்டி, மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் போன 66 பெண்களைக் கண்டுபிடித்தார். அவர்களில் இருவர் இறந்திருந்தார்கள். கட்டியான உணவு மூச்சை அடைத்துவிட்டது. முயல்களில் சோதித்துப் பார்த்து, உணவு மட்டுமல்ல, இரைப்பையின் அமிலமே நுரையீரலைப் புண்ணாக்கிவிடும் என்றும் காட்டினார். இன்றும் அந்த நிலைக்கு அவர் பெயர்தான்.

கணக்கு இதுதான். பிரியாணி, பரோட்டா, வடை போன்று கறியும் எண்ணெயும் சேர்ந்தவை எட்டு மணி நேரத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். இட்லி, கஞ்சி போன்ற லேசான ஆகாரத்துக்கு ஆறு மணி நேரம். பாலும், பால் கலந்த காப்பி, டீயும் இந்த ஆறு மணிக் கணக்கில் சேரும். பால் பார்வைக்குத்தான் தண்ணீர் மாதிரி. வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிவிடுகிறது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் என்றால் நான்கு மணி நேரம். பச்சைத் தண்ணீரும் பால் ஊற்றாத வரக்காப்பியும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குடல் அடைப்பு உள்ளவர்கள், உடல் எடை குறைய செமாக்ளூடைட் மாதிரி ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஆகியோருக்கு வயிறு மெதுவாகக் காலியாகக்கூடும். அவர்கள் தங்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பயந்துபோய் முதல் நாள் மாலையிலிருந்தே எச்சில் விழுங்காமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். லிஸ்டில் நாலாவது பெயராக இருந்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் தியேட்டருக்குள் வருவார்கள். எழுபது வயதுப் பெரியவர், பதினெட்டு மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், நாக்கு அட்டை மாதிரி வறண்டு, நரம்பு கிடைக்காமல், பி.பி. இறங்கி வந்து படுப்பார். இதுவும் ஆபத்து, இதுவும் எங்கள் தவறு. ‘என் ஆபரேஷன் எத்தனை மணிக்கு, நான் எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்?’ என்று முதல் நாள் சாயங்காலமே கேளுங்கள். நேரம் தள்ளிப்போனால் மறுபடியும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அடுத்தது, ஆபரேஷனுக்கு முன் நாங்கள் நோயாளியைப் பார்க்கிற அந்தப் பத்து நிமிடம். ‘ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க’ என்று அனுப்புவார்களே, அதுதான். அதைக் கையெழுத்து வாங்கும் சடங்காக நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். ஆபரேஷன் முழுக்க உங்கள் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் ஏற்றுக்கொள்ளப் போகிறவரோடு நீங்கள் நினைவோடு பேசக் கிடைக்கும் முக்கியமான வாய்ப்பு அது.

அங்கேயும் சாப்பாட்டுக் கதைதான். ‘ஏதாவது நோய் இருக்கா?’ ‘ஒண்ணும் இல்ல டாக்டர்.’ ‘பி.பி.?’ ‘முன்னாடி இருந்துச்சு. மாத்திரை போட்டு இப்ப நார்மல்.’ மாத்திரை போட்டு நார்மல் என்றால் பி.பி. இருக்கிறது என்றுதான் அர்த்தம். ‘வேற மருந்து?’ ‘இல்லை.’ கூட வந்த மகள் மெதுவாகச் சொல்வாள்: ‘அப்பா மூட்டு வலிக்கு ஒரு வைத்தியர்கிட்ட பொடி வாங்கிச் சாப்பிடுறாங்க.’ அதை மருந்துக் கணக்கில் அவர் சேர்ப்பதில்லை. நாட்டு மருந்தைத் திட்டுவதற்காக நான் கேட்கவில்லை. சில மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். அதிமதுரம் அதிகமாகச் சேர்ந்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பு தடுமாறும். வலிக்கு விற்கிற பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, ஆபரேஷன் நேரத்தில் தனக்கு வேண்டியதைத் தானே சுரக்க முடியாமல் தவிக்கும். முன்பே தெரிந்தால் நாங்கள் ஊசியாகக் கொடுத்துவிடுவோம். தெரியாவிட்டால், காரணமே புரியாமல் பி.பி. சரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் மாத்திரைப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. வீட்டில் இருக்கிற அட்டைகள், பாட்டில்கள், பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே கொண்டுவந்து மேஜையில் கொட்டுங்கள். நாங்கள் பிரித்துச் சொல்கிறோம். எதை அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறோம். பட்டினியோடு அவை சேர்ந்தால், ரத்தத்தில் சர்க்கரை ஏறாமலே உடம்பு அமிலமாகிவிடும் அபாயம் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களின் ரத்தம் இளக்கும் மாத்திரையோ நேர்மாறு. ‘ஆபரேஷன்னா ரத்தம் போகுமே’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி நிறுத்தி, ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நீங்களாக எதையும் தொடராதீர்கள். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

எல்லோர் முன்னிலையிலும் சொல்ல முடியாதவை சில உண்டு. அதனால் நான் ஒரு கட்டத்தில் உறவினர்களை வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன். கதவு மூடிய பிறகு வந்த பதில்கள் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. மாமியார் முன்னால் வாயே திறக்காத ஒரு மருமகள், கதவு மூடியதும் சொன்னாள்: ‘சின்ன வயசுல இருந்து வலிப்பு இருக்கு டாக்டர். கல்யாணத்துக்கு அப்புறம் மாத்திரையை ஒளிச்சு வச்சு சாப்பிடுறேன். இங்க மூணு நாளா சாப்பிட முடியல.’ அந்தப் பெண்ணுக்கு அன்றே மாத்திரை ஆரம்பித்தோம். வீட்டுக்காரர்களிடம் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். அதேபோல் குடிப்பழக்கம். மனைவி பக்கத்தில் இருக்கும்போது ‘எப்பவாவது’ என்பவர், தனியாக ‘தினமும் ஒரு குவார்ட்டர்’ என்பார். இதில் எனக்கு ஒழுக்கப் பாடம் நடத்தும் எண்ணம் இல்லை. தினமும் குடிக்கும் உடம்பில் திடீரென்று சாராயம் நின்றால், இரண்டாம் நாள் மூன்றாம் நாள் கை நடுங்கும், ஆள் தெரியாது, போட்ட ட்யூபைப் பிடுங்குவார், தையல் பிரியும், வலிப்பும் வரலாம். முன்பே சொன்னால் அதற்கு மருந்து இருக்கிறது.

குடும்பக் கதையும் வேண்டும். 1960-இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மருத்துவமனைக்கு 21 வயது இளைஞன் ஒருவன் கால் முறிந்து வந்தான். கால் வலியைவிட மயக்க மருந்துக்குத்தான் அவன் பயந்தான். ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்ததில் தன் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இறந்திருக்கிறார்கள் என்று சொன்னான். மருத்துவர்கள் ஈதரைத் தவிர்த்து, அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோதேனைக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் உடம்பு கொதித்தது, பி.பி. விழுந்தது. அவன் முன்பே சொல்லியிருந்ததால் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உடனே மருந்தை நிறுத்தி, ஐஸ் கட்டிகளை அடுக்கிக் காப்பாற்றினார்கள். மைக்கேல் டென்பரோ என்ற மருத்துவர் அந்தக் குடும்பத்தை ஆராய்ந்துதான், பரம்பரையாக வருகிற ஒரு கோளாறு இது என்று உலகத்துக்குத் தெரிந்தது. இன்று அதற்கு டான்ட்ரோலின் என்ற மாற்று மருந்து உண்டு. ஒரு பையன் தன் குடும்பத்துச் சாவுகளைக் கணக்கு வைத்திருந்து வாய் திறந்து சொன்னதால் வந்த அறிவு அது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஸ்கோலின் என்று ஒரு மருந்து. தொண்டையில் ட்யூப் வைக்க வசதியாகத் தசைகளைச் சில நிமிடங்களுக்கு மட்டும் செயலிழக்கச் செய்யும். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும், தசை திரும்பிவிடும். அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு அந்தச் சில நிமிடம் மணிக்கணக்காக நீளும். அவ்வளவு நேரமும் அவரால் தானாக மூச்சு விட முடியாது. ஆரிய வைசிய சமூகத்தினரிடையே இந்தக் குறைபாடு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது என்று, கோயம்புத்தூர் மருத்துவர்கள் பங்கேற்று 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. வேறு எந்தக் குடும்பத்திலும் இருக்கலாம். இது நோயல்ல. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் செய்யாது, அந்த மாதிரி மருந்தைத் தொட்டால் தவிர. ‘எங்க பெரியப்பாவுக்கு ஆபரேஷன் அப்போ மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆச்சு’ என்று யாராவது சொன்னால் என் காது நிமிரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்வேன், வேறு மருந்துக்கு மாறிவிடுவேன்.

இப்போது ஒன்று செய்வோம். உங்கள் மூன்று விரலைச் சேர்த்து, வாயைத் திறந்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நிறுத்திப் பாருங்கள். நுழைகிறதா? பெரும்பாலானவர்களுக்கு நுழையும். பாக்கும் புகையிலையும் வருடக்கணக்கில் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாது. அவருக்கு மயக்கம் கொடுத்துவிட்டு ட்யூப் வைக்க வழியில்லாமல் தவிக்கக்கூடாது என்பதற்காகத்தான் வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்கிறோம். அந்தச் சோதனைக்கு மல்லம்பட்டி என்று பெயர். ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-இல் வெளியிட்டது. உலகம் முழுக்க மயக்க மருத்துவர்கள் தினமும் அந்தத் தெலுங்குப் பெயரைச் சொல்கிறார்கள். ஆடும் பல் இருந்தால் சொல்லுங்கள், பல் செட் இருந்தால் கழற்றிக் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிகிறதா என்றும் கேட்பேன். எக்கோவும் ஈ.சி.ஜி.யும் சொல்லாத சில விஷயங்களை அந்தப் படிக்கட்டு சொல்லிவிடும்.

தேதி ஒரு மாதம் தள்ளி இருந்தால் அந்த மாதத்தை வீணாக்காதீர்கள். பீடி, சிகரெட்டை நான்கு வாரம் முன்பே விட்டால் நெஞ்சுச் சளியும் புண் ஆறாத தொல்லையும் நன்றாகக் குறைகிறது. விட முடியாதவர்கள் கடைசி ஒரு நாளாவது விடுங்கள். ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கார்பன் மோனாக்ஸைடு அதற்குள் இறங்கிவிடும். பெண்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் எட்டு கிராம் ஹீமோகுளோபினோடு வருகிறவர்களைப் பார்க்கப் பார்க்க மனசு கனக்கிறது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடம் அது. மாதாமாதம் போன ரத்தத்தை யாரும் கணக்குப் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடும் டீயோடும் விழுங்கினால் உடம்பில் சேராது. தனியாக, முடிந்தால் எலுமிச்சைச் சாறோடு சாப்பிடுங்கள். நாள் குறைவாக இருந்தால் ஊசியாகவும் ஏற்றலாம். முன்கூட்டி வந்தால் அடுத்தவர் ரத்தம் ஏற்றாமலே சமாளிக்கலாம்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி தருவார்கள். ‘பந்து ஊதுங்க’ என்று வார்டில் எல்லோரும் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது ஊதுவதற்கு அல்ல. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், பந்துகள் மேலே ஏறி நிற்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து வயிற்றில் தையலோடு வலியில் கிடக்கும்போது இதைக் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு வாரம் முன்பே வாங்கி வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். நம் வீடுகளில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் மகன் கையெழுத்துப் போடுவான், மனைவிக்கு என்றால் கணவன். நோயாளிக்கு என்ன நோய், எதை எடுக்கப் போகிறார்கள் என்பதே தெரியாமல் ஸ்ட்ரெச்சரில் வருவார். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. 44 வயதுப் பெண் ஒருவரை வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க மயக்கத்தில் படுக்க வைத்திருந்தபோது, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உடனடி உயிராபத்து இல்லாதபோது, சுயநினைவுள்ள வயது வந்தவருக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம், அம்மாவின் கையெழுத்து செல்லாது, சோதித்துப் பார்க்கக் கொடுத்த அனுமதி அறுத்து எடுப்பதற்கான அனுமதி ஆகாது என்றது நீதிமன்றம். ‘அம்மாகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க’ என்று பிள்ளைகள் கெஞ்சுவது அன்பினால்தான். அதே அம்மா ராத்திரி பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் போகும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு ‘எனக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு நீயாவது சொல்லும்மா’ என்று கேட்டிருக்கிறார். இருட்டில் கிடக்கிற அந்தப் பயத்துக்கு மருந்து கிடையாது. சொல்லிவிடுங்கள். அவர்களே கையெழுத்துப் போடட்டும். கைநாட்டாக இருந்தாலும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

நகை விஷயமும் பெண்களைத்தான் அதிகம் வாட்டுகிறது. கரண்ட் வைத்து ரத்தத்தை நிறுத்தும் கருவி ஓடும்போது உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தீப்புண் வரக்கூடும். கை கால் வீங்கினால் மோதிரமும் மெட்டியும் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கல்யாணத்தன்று போட்ட மெட்டி நாற்பது வருடமாக விரலோடு ஒட்டி வளர்ந்திருக்கும். தியேட்டர் வாசலில் அவசர அவசரமாக இழுத்தால் தோல் உரியும். இரண்டு நாள் முன்பே வீட்டில் சோப்பு நுரை போட்டு, வரவில்லையென்றால் மெல்லிய நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி, நூலின் மேல் வழுக்கிவிட்டுக் கழற்றுங்கள். தாலியைக் கழற்ற மனசு வராதவர்களை நான் அவசரப்படுத்துவதில்லை. பொன்னை எடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்ளச் சொல்வேன். அந்தக் கயிறும் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், மணிக்கட்டில் கட்டிப் பிளாஸ்திரி ஒட்டி உள்ளே கூட்டிப் போவோம். ஆண்களும் அரைஞாண் கயிற்றை மறக்கக்கூடாது. நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் வேண்டாம். விரல் நுனியில் மாட்டுகிற பல்ஸ் ஆக்ஸிமீட்டர், நகத்தின் வழியே ஒளி பாய்ச்சித்தான் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று படிக்கிறது. ஜப்பானில் டாக்குவோ அவோயாகி என்ற பொறியாளர் 1970-களில் கண்டுபிடித்த முறை அது. அந்த எண்ணைத்தான் நாங்கள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். இன்னொன்று, ஆபரேஷன் செய்யும் இடத்தை வீட்டில் சவரம் செய்துகொண்டு வராதீர்கள். பிளேடு போட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். தேவைப்பட்டால் நாங்களே கிளிப்பர் வைத்து வெட்டிவிடுவோம்.

தியேட்டருக்குள் உங்கள் பெயரையும் எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பதையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ‘இவங்களுக்கே தெரியலையா?’ என்று பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் அது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில், அதில் ஒன்று புதுதில்லியில், அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. ஒருவரையொருவர் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதுதான் முக்கியமான மாற்றம். எத்தனை முறை கேட்டாலும் முழுப் பெயரையும் சொல்லி, கையால் தொட்டு ‘இந்த வலது கால்’ என்று காட்டுங்கள்.

பயத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எல்லோரும் கேட்கிற இரண்டு கேள்வி: ‘பாதியில முழிச்சிட்டா?’ ‘முழிக்காமலே போயிட்டா?’ முதலாவது நடப்பது மிக அபூர்வம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்துப் பார்த்த பெரிய கணக்கெடுப்பில், 2014-இல் வெளியானது, சுமார் 19,000 முறை மயக்கம் கொடுத்ததில் ஒருவர் அப்படிப் புகார் சொன்னார். இரண்டாவதற்குப் பதில் நான் எண்களில் சொல்வதில்லை. மயக்கம் கொடுத்துவிட்டு நாங்கள் எங்கும் போய்விடுவதில்லை என்று சொல்வேன். முதல் கீறலிலிருந்து கடைசித் தையல் வரை உங்கள் தலைமாட்டில்தான் நிற்போம், நீங்கள் கண் திறந்து பெயர் சொல்லும் வரைக்கும். முதுகு ஊசியைப் பற்றிய பயமும் உண்டு. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுகிறோம். பிரசவத்துக்குப் பிறகு வருகிற இடுப்பு வலிக்கெல்லாம் அந்த ஊசிதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் அந்த வலி வருகிறது.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசை. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். என் அறைக்கு வரும்போது கையில் நாற்பது பக்க நோட்டு. பள்ளிக்கூடத்துப் பேரனுடையது, பின்பக்கத்திலிருந்து எழுதியிருந்தார். டிக்கெட் கணக்கு எழுதிப் பழகிய கை, வரிசை தப்பாமல் இருந்தது. எந்த மாத்திரை, எந்த வேளை, எந்த வருடம் ஆரம்பித்தது. எந்த ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்தது. தினம் எத்தனை பீடி, எந்தத் தேதியில் விட்டார். நடுவில் ஒரு வரி: ‘1987 குடல்வால் ஆபரேஷன். காலையில் முடிந்தது. ராத்திரி வரைக்கும் மிஷின்தான் மூச்சு விட்டது என்று அண்ணன் சொன்னார்.’

அந்த வரியைப் பார்த்து ரத்தம் எடுத்து அனுப்பினோம். நான் சொன்னேனே, அந்த நொதி, அவருக்கு மிகக் குறைவாக இருந்தது. ஸ்கோலினைத் தொடாமல் மயக்கம் கொடுத்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். போகும் முன் நோட்டைத் திறந்து என்னிடம் நீட்டி, ‘அந்த மருந்துப் பேரை எழுத்து எழுத்தாச் சொல்லுங்கம்மா’ என்றார். சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு, ‘இது புள்ளைகளுக்கும் இருக்குமா?’ என்று கேட்டார். இருக்கலாம், அவர்களுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றேன். நோட்டிலிருந்து மூன்று தாளைக் கிழித்தார். தலையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, அதே வரியை மூன்று தாளிலும் மறுபடி எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.